மழையா ஸ்னோவா, ஒரு டிகிரில மாட்டிக்கிட்ட ஊருங்க

தண்டையார்பேட்டைல கொட்ற பெரிய மழைல நல்ல பங்கு மேல ஐஸா இருந்து வர்றதுதான்னு சொன்னா எங்க தெருவுல ஒருத்தனும் நம்ப மாட்டான். ஆனா நெசம். நம்ம ஊர்ல சுமார் 5 கிலோமீட்டர் ஒசரத்துல ஜீரோ டிகிரி, அதுக்கு மேல இருக்கற மேகத்துல ஐஸ்தான், கீழ வர்ற வழில உருகி தண்ணியா நம்ம தலைல விழுது. துறைமுகத்துல இருக்கற டாப்ளர் ரேடார் மாதிரி ரேடாருங்களுக்கு அந்த உருகுற லேயர் தனியா பளிச்சுன்னு தெரியும்.

நியூயார்க், பாஸ்டன் பக்கம் குளிர்காலத்துல இந்த ஜீரோ கோடு அப்படியே எறங்கி தலைக்கு மேல வந்து நின்னுடும். அங்கதான் தலைவலி ஆரம்பம்.

இதை ஏன் எழுதறேன்னா, அமெரிக்கால நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கற என் அக்கா பையன் ஒரு ஃபோர்காஸ்ட் மேப் அனுப்பி "மாமா, ரெண்டு இன்ச்சுல இருந்து பத்து இன்ச் வரைக்கும் ஸ்னோன்னு போட்ருக்கான், இதுக்கு எதுக்கு சம்பளம்"னு கேட்டான். அவனுக்கு வாய்ஸ் நோட்ல சொல்லி முடியல, அதான் இங்க.

அங்க வர்ற புயலுக்கு நார்ஈஸ்டர்னு பேரு, கரையை ஒட்டியே வடக்கால ஏறும், காத்து கடல்ல இருந்து வடகிழக்கால அடிக்கும். நம்ம வடகிழக்கு பருவமழைக்கும் அதே தெசைதான், ஆனா நமக்கு கடல் சூடா இருக்கறது மழைக்கு தீனி, அவங்களுக்கு அதே சூடு ஸ்னோவை கெடுத்துடும். டிசம்பர் ஆரம்பத்துல நியூயார்க் கடல் தண்ணி இன்னும் 10 டிகிரி பக்கத்துலதான் இருக்கும், அந்த காத்து ஊருக்குள்ள பூந்தா கரையோரம் மழை, முப்பது நாப்பது மைல் உள்ள போனா முழங்கால் வரைக்கும் ஸ்னோ. மார்கழில ஆவடில சால்வை போத்திக்கிட்டு இருப்பான், காசிமேட்டுல ஃபேன் ஓடும், கடல் பண்ற வேலை அதேதான்.

சரி தரைல தெர்மாமீட்டர் பாத்து சொல்லிடலாமேன்னா அதுவும் முடியாது. தரைல மைனஸ் ரெண்டு இருக்கும், ஆனா ஒன்றரை கிலோமீட்டர் ஒசரத்துல சூடான ஒரு லேயர் கடல்ல இருந்து நைஸா உள்ள வந்துருக்கும், ஸ்னோ அதுல உருகி, கீழ வந்து மறுபடி உறைஞ்சு பனிக்கட்டி குண்டா விழும், இல்ல தண்ணியா விழுந்து ரோட்ல பட்டதும் கண்ணாடியா உறையும், அது இன்னும் டேஞ்சர். இன்னொரு கூத்து, விழுறதே காத்தை மாத்தும். வறண்ட காத்துல விழுற ஸ்னோ ஆவியாகும்போது மண்பானை தண்ணி மாதிரி சுத்தி இருக்கறதை சில்லுன்னு ஆக்கிடும், உருகும்போதும் சூட்டை இழுத்துக்கும். அதனால பலமா விழுந்தா ஸ்னோ, லேசா விழுந்தா மழை, ஒரே எடத்துல ஒரு மணி நேரத்துல ரெண்டும் நடக்கும்.

இதுல கணக்கு வேற இருக்கு. ஒரு இன்ச் தண்ணி ஸ்னோவா விழுந்தா சுமாரா பத்து இன்ச். வானிலையை கணிக்கற கம்ப்யூட்டர் மாடல் தண்ணியை கரெக்டா சொல்லிட்டாலும் டெம்பரேச்சர்ல ஒரு டிகிரி தப்புனா பத்து இன்ச் ஸ்னோங்கறது வெறும் ஈர ரோடா போயிடும். என்னைக் கேட்டா அதை தப்பான ஃபோர்காஸ்ட்னு சொல்றதே அநியாயம்.

2017 மார்ச் 14 புயலைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். நியூயார்க் சிட்டிக்கு ஒரு அடிக்கு மேல ஸ்னோன்னு சொல்லிட்டாங்க, முந்தின நாள் மதியமே மாடலுங்க சிட்டிக்கு கொறைச்சு காட்ட ஆரம்பிச்சுது, ஆனா கடைசி நேரத்துல மாத்துனா ஜனங்க ஆபத்து போச்சுன்னு நெனச்சு வெளிய கெளம்பிடுவாங்கன்னு பழைய நம்பரையே வெச்சுட்டாங்க. சென்ட்ரல் பார்க்ல விழுந்தது 7.6 இன்ச், அதுவும் பனிக்கட்டி குண்டு கலந்து. உள்ள தள்ளி இருக்கற பிங்ஹாம்டன்ல ரெண்டரை அடிக்கு மேல. புயல் பொய் சொல்லல, மழையையும் ஸ்னோவையும் பிரிக்கற கோடு கொஞ்சம் உள்ள தள்ளிப் போச்சு, அவ்ளோதான். ஆனா நம்பரை மாத்தாம வெச்சது எனக்கு ஒப்பல, தெரிஞ்சதை சொல்லிடணும், மழை கலக்கும் ஆனாலும் வெளிய வராதீங்கன்னு சொன்னா ஜனங்களுக்கு புரியாதா என்ன.

அடுத்த வருஷமே தலைகீழா ஆச்சு. 2018 நவம்பர் 15, கொஞ்சம் ஸ்னோ விழுந்து மழையா மாறிடும்னு இருந்தாங்க, மாறவே லேட்டாச்சு, சென்ட்ரல் பார்க்ல 6.4 இன்ச், நியூ ஜெர்சில சில பிள்ளைங்க ராத்திரி ஸ்கூல்லயே தங்குச்சுங்க.

நமக்கும் இது ஒண்ணும் புதுசில்ல. 2024 அக்டோபர் 16 சென்னைக்கு ரெட் அலர்ட், வேளச்சேரி பாலத்து மேல வரிசையா கார், கடைசில பயந்த அளவுக்கு மழை இல்ல, உடனே மீம் போட ஆரம்பிச்சாச்சு. 2021 டிசம்பர் 30 யாரும் எதிர்பாக்காம கொட்டித் தீத்துச்சு, அன்னைக்கு திட்டுனதும் இதே ஆளுங்கதான். நம்மகிட்ட டிகிரி பிரச்சினை இல்ல, மேகக்கூட்டம் எண்ணூர்ல நிக்குமா கடல்லயே கொட்டிட்டுப் போகுமாங்கற கிலோமீட்டர் பிரச்சினை.

அதனால தம்பி, ரெண்டுல இருந்து பத்துன்னு போட்டவன்தான் நேர்மையான ஆளு. பத்துன்னு மட்டும் அடிச்சு சொல்ற ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணு. அடுத்த புயலுக்கு தரை டெம்பரேச்சரை விட்டுட்டு 850 மில்லிபார் மேப்ல, அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஒசரத்து மேப்ல, ஜீரோ டிகிரி கோடு எடிசனுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு, மாடலை ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அது அங்கயும் இங்கயும் ஆடுதுன்னா ஷவலும் வாங்கி வை, குடையும் எடுத்து வை.