வெமோர்க் போனால் முதலில் குழாயைப் பாருங்கள்

நார்வேயில் ரியூகன் ஊரை ஒட்டிய வெமோர்க் மின்நிலையம் இப்போது அருங்காட்சியகம். வருகிறவர்களில் பலர் நேரே கனநீர் (அணு ஆய்வுக்குத் தேவைப்பட்ட, சாதாரண நீரைவிட அடர்ந்த நீர்) நிலவறைக்கு ஓடுகிறார்கள். 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் வெடிவைத்த இடம் அது. நிலவறை இருந்த ஹைட்ரஜன் ஆலையை 1977-ல் இடித்துவிட்டார்கள். தோண்டியெடுத்த அடித்தளம்தான் மிச்சம். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வெளியே நின்று மலைச்சரிவில் இறங்கும் குழாய்களை அண்ணாந்து பாருங்கள். தண்ணீர் விழும் உயரம் சுமார் 300 மீட்டர். நம்ம அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஐந்தரை தடவை அடுக்கினால் வரும் உயரம். வினாடிக்கு ஒரு டன் தண்ணீர் அங்கிருந்து விழுந்தால் கணக்குப்படி 2,900 கிலோவாட். இழப்பு போக 2,300 தேறும். 1911-ல் ஓடத் தொடங்கியபோது 10 டர்பைன்கள், மொத்தம் 108 மெகாவாட். அதற்கு வினாடிக்கு ஏறத்தாழ 47 டன் தண்ணீர் வேண்டும்.

உள்ளே பெல்டன் சக்கரத்தின் (பீச்சியடிக்கும் நீரால் சுழலும் டர்பைன்) பக்கெட்டை அருகில் போய்ப் பாருங்கள். இரண்டு கிண்ணங்களை ஒட்டவைத்தது போல இருக்கும். நடுவில் கத்தி மாதிரி ஒரு விளிம்பு. நீரைப் பீச்சும் நாசிலில் இருந்து மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நீர் அந்த விளிம்பில் இரண்டாகப் பிளந்து, வளைந்து, கிட்டத்தட்ட வந்த திசைக்கே திரும்பும். பக்கெட் ஓடுவது நீரின் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக. தண்ணீரோடு மணல் வந்தால் முதலில் தேய்வது இந்த விளிம்பும் நீரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நாசில் ஊசியின் முனையும்தான். முனை தேய்ந்தால் நீர்ப்பீச்சு சிதறும், உற்பத்தி இறங்கும்.

லோடு (மின்சாரத் தேவை) திடீரென விலகினால் சக்கரம் ஏறக்குறைய இரட்டை வேகத்துக்குப் பாயும். உடனே ஊசியை மூடிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். மூடினால் குழாயில் ஓடிவரும் தண்ணீர் முட்டி, அழுத்தம் எகிறி, குழாயே வெடிக்கலாம். அதனால்தான் டிஃப்ளெக்டர் என்ற தகடு: நீர்ப்பீச்சை நொடியில் சக்கரத்திலிருந்து ஒதுக்கிவிடும், ஊசி நிதானமாக மூடும். வெமோர்க்கில் மெஷின் எதுவும் ஓடாததால் இதை நின்று நிதானமாகப் பார்க்கலாம்; ஓடும் நிலையத்தில் எல்லாமே உறைக்குள் மறைந்திருக்கும்.

நீலகிரியில் 1932 முதல் ஓடும் நம்ம பைக்காரா மின்நிலையத்திலும் பெல்டன்தான். அங்கே உயரம் 900 மீட்டருக்கு மேல். அதே மின்சாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும், ஆனால் குழாய் தாங்க வேண்டிய அழுத்தம் மூன்று மடங்கு.

வெமோர்க்குக்கு ஆஸ்லோவிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். தொங்கு பாலம் தாண்டி மேட்டில் நடக்க வேண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பள்ளத்தாக்கில் வெயிலே இறங்காது. மெரினாவுக்குப் போடும் செருப்போடு போகாதீர்கள்.