குடியை நிறுத்திய பின் பெங்களூரில் வேலை: முதல் சம்பளத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

டிஸ்சார்ஜ் ஆன வாரமே பயோடேட்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு பீன்யா தொழிற்பேட்டைக்குக் கிளம்புகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். வீட்டில் கடன், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், சொந்தக்காரர்கள் பேச்சு. அவசரப்படுவது நியாயம்தான். ஆனால் நாங்கள் கண்டவரை குடிநோயிலிருந்து மீள்கிறவர் வழுக்குவது வேலையில்லாத நாளில் அல்ல. வேலை கிடைத்து, முதல் சம்பளம் கைக்கு வருகிற நாளில். அதனால் எங்கள் வரிசை தலைகீழாக இருக்கும்: முதலில் சம்பள நாளுக்கு ஏற்பாடு, பிறகு உடம்பு, அதன் பிறகுதான் பயோடேட்டா. யாருடைய சொந்தக் கதையும் இதில் வராது. கதை சொல்ல மீட்டிங், அதாவது குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம், இருக்கிறது.

தொழிற்சாலை, ஆபீஸ் வேலைகளில் பணம் 7ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் விழும். அந்தக் கணக்கில் ஜிபே, போன்பே எதுவும் இணைந்திருக்கக் கூடாது. ஒயின் ஷாப்பிலும் க்யூஆர் அட்டை தொங்குகிற காலம் இது. வாடகை, சீட்டுப் பணம், நகை அடகு வட்டி எல்லாம் சம்பளம் விழுந்த மறுநாளே தானாகப் போய்விடும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கைச்செலவுக்கு வேறொரு கணக்கு, அதில் வாரத்துக்கு 500 ரூபாய் போதும். பஸ் பாஸும் மெட்ரோ கார்டும் மாத ஆரம்பத்திலேயே போட்டுவிட்டால் பையில் நோட்டு வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஏடிஎம் கார்டை மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவைப்பது நல்ல வழி. கொடுக்கும்போதே திரும்ப வாங்கும் தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். தேதி பேசாமல் கொடுத்த கார்டு ரெண்டு வருஷமானாலும் திரும்பி வராது. நாற்பது வயது ஆள் டீக்குப் பத்து ரூபாய் கேட்டு வாசலில் நின்றால் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்? வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள், அவர்கள் பயம் அவர்களுக்கு.

கட்டிட வேலை, டைல்ஸ் வேலைக்காரர்களுக்கு இது இன்னும் சிக்கல். சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா, அப்படியே எல்லோரும் சேர்ந்து கடைக்கு. மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசி, "என் கூலியைத் திங்கட்கிழமை காலையில வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ரெண்டு நாள் பணம் தன் கையில் நிற்பதால் அவர் பொதுவாக மறுக்க மாட்டார். பழைய கம்பெனி பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுவது எங்களைக் கேட்டால் கூடவே கூடாது.

உடம்பு விஷயம். தினமும் குடித்தவர் வேலைக்குப் போகிற ஆசையில் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது ஆபத்து. கடைசி மிடறிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளில் பிதற்றலும் மாயத் தோற்றமும் வரலாம். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள்.

நிறுத்தின பிறகு பலர் சறுக்குகிற இடம் வேலைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை. லிவர் டெஸ்ட்டில் ஜிஜிடி என்று ஒரு வரி இருக்கும், குடித்தால் ஏறுகிற லிவர் என்சைம் அது. குடியை நிறுத்தினால் அது ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாக இறங்கும். 400இல் இருந்தவருக்கு மூணாவது வாரம் 200 என்றுதான் காட்டும், ஒன்பது வாரம் வாக்கில்தான் 50க்குப் பக்கத்தில் வரும். ரத்த அணுக்களின் அளவைச் சொல்லும் எம்சிவி இன்னும் மெதுவானது, மூணு நாலு மாதம்கூட ஆகும். ஒரு சொட்டு தொடாமல் இருப்பவரையும் இந்தக் காகிதம் குடிகாரர் மாதிரி காட்டிவிடும். முதலில் உங்கள் டாக்டரிடமே டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு கம்பெனி தேதியை ஒத்துக்கொள்ளுங்கள்.

கை நடுக்கம் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லாமல் டர்னர், வெல்டர், தையல் வேலைக்குப் போகாதீர்கள். கூட்டல் கழித்தல் தப்புவது, சொன்னதை மறப்பது கொஞ்ச நாள் நீடிக்கும். ஸ்டோர்ஸ், பில்லிங் வேலையில் சேர்கிறவர் சட்டைப் பையில் குட்டி நோட்டு ஒன்று வைத்து, சூப்பர்வைசர் சொன்னவுடன் எழுதிக்கொள்வது நல்லது. மூளை மழுங்கிவிட்டது என்று பயந்து வேலையை விட்டவர்கள் உண்டு. தூக்கமும் ஞாபகமும் மாதக் கணக்கில்தான் திரும்பும்.

டைசல்ஃபிராம், அதாவது குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரையில் இருப்பவர் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். மரவேலையில் பிரெஞ்ச் பாலிஷ் போடும் ஸ்பிரிட்டின் ஆவிகூட முகம் சிவந்து நெஞ்சு படபடக்க வைக்கலாம். இருமல் டானிக், அரிஷ்டம் வகைகளிலும் ஆல்கஹால் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினாலும் 14 நாள் வரை அந்த வினை வரக்கூடும். இதைக் கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து போடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. உயிருக்கே உலை வைக்கிற காரியம் அது.

எந்த வேலை? முதல் வருஷம் பார், கேட்டரிங், கல்யாண மண்டப சர்வீஸ், கிளையன்ட்டுக்கு விருந்து வைக்கிற சேல்ஸ் வேலைகள் வேண்டாம். நைட் ஷிஃப்ட்டும் முதல் மூன்று மாதம் வேண்டாம், கெட்டுப்போன தூக்கம் இன்னும் கெடும். சம்பளம் ரெண்டாயிரம் குறைந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டிங்குக்கு வரமுடிகிற வேலையே மேல். வழியும் முக்கியம். ஸ்ரீராமபுரத்துக்காரர் பச்சை மெட்ரோவில் ஏறினால் மாறாமல் நேராகப் பீன்யா இண்டஸ்ட்ரியில் இறங்கலாம். அதே தூரத்தை நடந்தும் பஸ் மாறியும் போனால் எத்தனை பழைய கடைகளைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

டிரைவர் வேலைக்குச் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை என்கிறது. மீள்கிறவருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. ஆனால் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளித்துவிட்டு ஊதினால் மெஷின் கத்தும். கத்தினால் சண்டை போடாதீர்கள், 15 நிமிஷம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள்.

காகிதங்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. டிஸ்சார்ஜ் சம்மரியை எந்த ஹெச்.ஆரிடமும் கொடுக்காதீர்கள். அதில் குடிநோயைக் குறிக்கும் எஃப் 10.2 என்று ஒரு குறியீடு இருக்கும், கூகுளில் தட்டினால் அரை நிமிஷத்தில் அர்த்தம் தெரிந்துவிடும். டாக்டரிடம், நோயின் பெயர் இல்லாமல் "வேலைக்குத் தகுதி" என்று மட்டும் சொல்லும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிநோயும் அடங்கும். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கிரேன், பாய்லர், பஸ் என்று பிறர் உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்றால் மட்டும் கம்பெனி டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதே சரி.

பழைய கம்பெனி உங்கள் பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் போடாமல் விட்டிருக்கலாம். கடைசிப் பணம் கட்டி ரெண்டு மாதம் ஆகியிருந்தால் பி.எஃப்.பின் யுஏஎன் போர்ட்டலில் (இணையதளத்தில்) நீங்களே போடலாம். இடைவெளியை மறைக்கப் போலி அனுபவக் கடிதம் வாங்காதீர்கள். சேர்ந்த மூணாவது மாதம் வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பப்படுவது, முதலிலேயே கிடைக்காமல் போவதைவிட மோசமாகத் தள்ளும்.

இன்டர்வியூவில் "இந்தப் பதினாலு மாசம் என்ன பண்ணீங்க?" என்று கேட்பார்கள். பதில் மூன்று வாக்கியம், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்: "உடம்பு சரியில்லாம சிகிச்சையில இருந்தேன். இப்போ முழுசா சரியாயிட்டேன், டாக்டர் சர்டிஃபிகேட் இருக்கு. எப்ப வேணாலும் சேரலாம்." கன்னட சூப்பர்வைசர் என்றால் "ஹுஷாரிர்லில்லா, ஈக சென்னாகித்தீனி" (உடம்பு சரியில்லாம இருந்தது, இப்போ நல்லா இருக்கேன்) என்பதே போதும். பொய் சொல்லவில்லை, முழுக்கதையும் சொல்லவில்லை. இதைக் கண்ணாடி முன் அல்ல, மீட்டிங் நண்பர் ஒருவர் முன் பத்துத் தடவை சொல்லிப் பழகுங்கள். குற்ற உணர்ச்சி நிறைந்தவர்தான் நாலாவது வாக்கியத்தைத் தொடங்கிவிடுவார், அதில்தான் எல்லாம் வெளியே கொட்டும்.

பழைய சூப்பர்வைசரிடம் சிபாரிசு கேட்கப் போகிறீர்களா? அவருக்குக் கைமாற்று பாக்கி இருந்தால் முதலில் 200 ரூபாயாவது கொடுத்துவிட்டு, சிபாரிசை அடுத்த சந்திப்பில் கேளுங்கள். ரெண்டையும் ஒரே நாளில் செய்தால் பணம் லஞ்சம் மாதிரி ஆகிவிடும்.

வேலையில் சேர்ந்த பிறகு மிக ஆபத்தான நாள் ஆயுத பூஜை. மெஷினுக்குப் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, போனஸ் கவரையும் கையில் தந்து, மத்தியானத்துக்கு மேல் ஷெட்டுக்குப் பின்னால் பாட்டிலைத் திறப்பார்கள். பூஜை முடியும் நேரத்துக்கு மனைவி பிள்ளைகளை வரச் சொல்லி அவர்களோடு கிளம்பிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாதாரண நாளில் யாராவது கூப்பிட்டால் "மாத்திரை சாப்பிடறேன், ஒத்துக்காது" என்பது ஒன்றே போதும். எல்லோரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டாம். ஒரே ஒருவரிடம், பக்கத்து மெஷின்காரராக இருந்தால் நல்லது, சொல்லி வையுங்கள்.

ஒருவேளை வழுக்கிவிட்டால் மறுநாள் வாடையோடு வேலைக்குப் போகாதீர்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் போன் செய்து உடம்பு சரியில்லை, லீவு என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். டைசல்ஃபிராம் எடுப்பவர் நேரே ஆஸ்பத்திரிக்கு. மற்றவர்கள் அன்றைக்கே டாக்டருக்கும், மீட்டிங்கில் உங்களுக்கு வழிகாட்டும் ஸ்பான்சருக்கும் போன். அந்த ரெண்டு நம்பரையும் செல்போனில் மட்டும் வைக்காதீர்கள், வழுக்கின ராத்திரியில் முதலில் தொலைவது அதுதான். டிஃபன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.