சிசிஎன்ஏ படித்த நாட்களில் வீட்டு நெட்டில் வந்த ஐபி மோதல்

சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க்கிங் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்க முடியுமா என்று தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முடியும். நான் கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் படித்தேன். ஆனால் நெட்டில் சேரும் கருவிகளுக்கு ரவுட்டர் தானாகவே ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி என்ற முறை பற்றிய பாடம் எனக்கு வீடியோ பார்த்துப் புரியவில்லை. வீட்டு நெட் ஒரு வாரம் தகராறு செய்தது, அப்போதுதான் புரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐப்பசி மழை நேரம். சாயங்காலம் ஆனால் கரண்ட் போய்ப் போய் வரும். வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் நெட் நன்றாக ஓடும். அப்புறம் என் லேப்டாப்பில் மட்டும் விட்டு விட்டு வரும். ஐபி முகவரி மோதல், அதாவது ஒரே முகவரி இரண்டு கருவிகளிடம் இருக்கிறது என்று திரையில் ஒரு அறிவிப்பும் வரும். அம்மாவின் போனில் ஒரு குறையும் இல்லை. கடற்கரை ஊர், உப்புக் காற்றில் கேபிள் முனை கறுத்துப்போவது சகஜம் என்பதால் முதலில் கேபிளைத்தான் மாற்றினேன். பலன் இல்லை. "கரண்ட் வந்தா மட்டும் ஏன்ப்பா இப்படி ஆகுது?" என்றார் அப்பா. நான் அந்தக் கேள்வியைக் கவனித்திருந்தால் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஐந்தாம் நாள் லேப்டாப்பில் அதன் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். முகவரி 192.168.1.100. சரி என்று குறித்துக்கொண்டு லேப்டாப்பை முழுவதுமாக அணைத்தேன். அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதே முகவரிக்குப் பிங் அடித்தேன், அதாவது அங்கே யாராவது இருக்கிறார்களா என்று சிறு பாக்கெட்டுகள் அனுப்பிக் கேட்டேன். பதில் வந்தது. நான்கு பாக்கெட், நான்கு பதில். என் லேப்டாப் எதிரே மூடிக் கிடக்கிறது, அதன் முகவரியிலிருந்து வேறு யாரோ பேசுகிறார்கள். எந்த ஐபி முகவரி எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று காட்டும் ஏஆர்பி பட்டியலை உடனே எடுத்து, அந்த முகவரிக்கு நேரே இருந்த மேக் எண்ணை, அதாவது கருவியின் சொந்த அடையாள எண்ணைத் தாளில் எழுதினேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரண் மேல் இருந்த, கேமரா காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அதே எண், பன்னிரண்டு எழுத்தும் அப்படியே.

கேமரா மாட்டிய அண்ணன், நினைவில் நிற்க வசதியாக டிவிஆருக்குக் கடைசி எண் 100 என்று நிலையான முகவரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ரவுட்டர் டிஹெச்சிபி மூலம் கொடுக்கும் முகவரிகளும் 100இல்தான் தொடங்குகின்றன. அப்படியானால் ஏன் தினமும் நாள் முழுக்க மோதவில்லை? இதுதான் முக்கியமான இடம். டிவிஆர் ஓடிக்கொண்டிருக்கும்போது, 100ஐ யாருக்காவது கொடுக்கும் முன் ரவுட்டர் சோதித்துப் பார்த்தால் டிவிஆர் பதில் சொல்லிவிடும், ரவுட்டர் வேறு எண்ணுக்குப் போய்விடும். கரண்ட் போய் வந்தால் கதை வேறு. ரவுட்டர் பழைய கணக்கை மறந்துவிட்டு எழுந்திருக்கிறது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும் என் லேப்டாப் முதல் ஆளாக முகவரி கேட்கிறது. ஹார்டு டிஸ்க் சுழன்று டிவிஆர் தயாராக இரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் 100 காலியாகத் தெரிகிறது, எனக்கு வந்துவிடுகிறது. பிறகு டிவிஆர் எழுந்து, யாரையும் கேட்காமல் அதே இருக்கையில் வந்து உட்காருகிறது. ஒரு முகவரியைப் பயன்படுத்தும் முன் அது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று ஏஆர்பி வழியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று 2008இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5227 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்கிறது. எல்லாக் கருவிகளும் அதைக் கடைப்பிடிப்பதில்லை.

டிவிஆரின் பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை. அதனால் ரவுட்டர் பக்கம் போய், கொடுக்கும் முகவரிகளை 120 முதல் 199 வரை என்று சுருக்கினேன். அன்று முதல் மோதல் இல்லை. பாஸ்வேர்டு இருந்தால் டிவிஆரையும் டிஹெச்சிபியில் விட்டு, அதன் மேக் எண்ணுக்கு ரவுட்டரில் ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பது இன்னும் நல்லது.

இப்போது தேர்வுக்கு வருகிறேன். சிஸ்கோ ரவுட்டரில் இந்த முகவரிகளை யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லும் 'ஐபி டிஹெச்சிபி எக்ஸ்க்ளூடட் அட்ரஸ்' என்ற கட்டளையை அதுவரை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். வீட்டில் வரம்பைச் சுருக்கியபோது நான் செய்ததும் அதே வேலைதான். சிஸ்கோ ரவுட்டர் ஒரு முகவரியைக் கொடுக்கும் முன் இயல்பாக இரண்டு முறை பிங் அடித்துப் பார்க்கும். பதில் வந்தால் அதை மோதல் பட்டியலில் போட்டுவிடும், நாம் நீக்கும் வரை யாருக்கும் கொடுக்காது. பட்டியலைப் பார்க்க 'ஷோ ஐபி டிஹெச்சிபி கான்ஃப்ளிக்ட்'. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்று டிஹெச்சிபி முகவரி கொடுக்கும் நான்கு படிகளை ஒப்பிப்பது எளிது. இந்தச் சோதனை எந்தப் படிக்கு முன்னால் நடக்கிறது என்று கேட்டால்தான் பலர் தடுமாறுவார்கள். ஆஃபருக்கு முன்னால்.

இரண்டு குழப்பங்களை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் பெரும்பாலும் டிஹெச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். அதை மோதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டிலும் 192.168.1.100 இருக்கலாம், அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது. 1996இன் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய தனியார் முகவரிகள் அவை, அவரவர் ரவுட்டருக்குள்ளேயே நின்றுவிடும்.

சிசிஎன்ஏவின் 200-301 பாடத்திட்டத்தில் டிஹெச்சிபி வரும் ஐபி சர்வீசஸ் பகுதிக்கு எடை 10 சதவீதம்தான். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். 15 சதவீதம் உள்ள பாதுகாப்புப் பகுதியில், அனுமதியில்லாத இடத்திலிருந்து வரும் டிஹெச்சிபி பதில்களைச் சுவிட்ச் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வருகிறது. மாடியில் சிக்னல் இல்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டி, அதன் டிஹெச்சிபியை அணைக்காமல் விடுவார்களே, அந்த வீட்டை நினைத்துக்கொண்டு ஸ்னூப்பிங்கைப் படியுங்கள், சட்டென்று பிடிபடும். அதிக எடை ஐபி கனெக்டிவிட்டிக்கு, 25 சதவீதம். எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று காட்டும் ரவுட்டிங் டேபிளைப் படிப்பதற்குத் தினமும் நேரம் வையுங்கள்.

தேர்வு 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. நான் சென்னை போய் எழுதினேன், முந்தின இரவே போய்த் தங்கியது நல்லதாயிற்று. உள்ளே என்ன கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். வெளியில் சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கேள்வியே திறக்கும், அந்த வாக்கை நான் மதிக்கிறேன்.

கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். இன்று மாலை ஒரு ரவுட்டர், ஒரு சுவிட்ச், மூன்று கம்ப்யூட்டர் வைத்து, ஒன்றுக்கு மட்டும் டிஹெச்சிபி வரம்புக்குள் இருக்கும் முகவரியைக் கையால் போடுங்கள். பிறகு எக்ஸ்க்ளூடட் அட்ரஸ் கட்டளையைப் புத்தகம் பார்க்காமல் எழுதிச் சரிசெய்யுங்கள்.