பரபரப்பான வீட்டுக்கு மினியேச்சர் ஷ்னவுசர் சரிப்படுமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, அப்பா அம்மா இருவருக்கும் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தால் இணைப்பாட நடவடிக்கை, அது முடிந்தால் துணைப்பாடம். சிங்கப்பூரில் இப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் மினியேச்சர் ஷ்னவுசர் நாய் வளர்க்கலாமா என்று சொந்தக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள், எங்கள் வீட்டில் சோமு என்ற ஷ்னவுசர் இருப்பதால். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட முழுசாக ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் வீடு, சமையலும் சத்தமும் பிள்ளைகளின் சண்டையும் ஓயாத வீடு என்றால் தாராளமாக வளர்க்கலாம், இந்த நாய்க்கு அதுதான் பிடிக்கும். காலை ஏழு மணிக்குப் பூட்டிய கதவை மாலை ஏழு மணிக்குத்தான் திறப்பீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். இரண்டு வீட்டுக்காரர்களும் தங்களுக்கு நேரமே இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒரு வீட்டில் நாய்க்குத் துணை இருக்கிறது, இன்னொன்றில் நாள் முழுக்க யாருமே இல்லை.

இது ஏன் என்று புரிய அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பண்ணை வீடுகளில் இருந்த நடுத்தர ஷ்னவுசரை அஃபன்பின்ஷர் போன்ற சின்ன நாய்களோடு கலந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கியது இது. 1899இல் தனி இனமாகக் கண்காட்சிக்கு வந்தது. பண்ணையில் எலி பிடிப்பதும், முற்றத்தில் யார் நுழைந்தாலும் குரல் கொடுப்பதும், மற்ற நேரமெல்லாம் வீட்டு மனிதர்களின் காலடியில் கிடப்பதும்தான் வேலை. இன்றைக்கு 12ஆம் மாடியில் பிறந்து வளர்ந்தாலும் அந்த மூன்று குணமும் அப்படியே இருக்கிறது. தோள் உயரம் 30 முதல் 35 சென்டிமீட்டர், எடை பெரும்பாலும் 5 முதல் 9 கிலோ. உருவம் சின்னதாக இருப்பதால் வேலையும் சின்னதாக இருக்கும் என்று நிறைய பேர் நினைத்துவிடுகிறார்கள்.

அனுமதி விஷயத்தில் சிக்கல் இல்லை. வீவக வீடுகளில் வளர்க்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் மினியேச்சர் ஷ்னவுசர் இருக்கிறது, ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. எங்களைப் போல ஒரே நாய் வைத்திருப்பவர்களுக்குக் கருத்தடை செய்துவிடுவதுதான் எல்லா வகையிலும் நல்லது.

சரி, தனிமைக்கு வருகிறேன். வளர்ந்த நாய் நான்கு மணி நேரம் போலத் தனியாக இருக்கப் பழகிக்கொள்ளும், குட்டியால் அது முடியாது. மூன்று மாதக் குட்டியால் சிறுநீரையே சில மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் சரியான இடத்துக்குக் கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பொறுமைசாலியாகவும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார். அவர் காய் நறுக்கினால் அது மேசைக்கு அடியில், அவர் வசந்தம் தொலைக்காட்சியில் தொடர் பார்த்தால் அது சோபாவுக்குக் கீழே, அவர் குளிக்கப் போனால் குளியலறை வாசலில். அவர் இல்லையென்றால் நாங்கள் இந்த நாயை எடுத்திருக்கவே மாட்டோம்.

பணிப்பெண் பார்த்துக்கொள்வார் என்று கணக்குப் போடுகிறவர்கள் முதலில் அவரிடம் கேளுங்கள், நாயைக் கொண்டுவந்த பிறகு இல்லை, முன்பே. அவருக்கு நாய் என்றால் பயமாக இருக்கலாம், மத நம்பிக்கை இடம் கொடுக்காமல் இருக்கலாம், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளையும் சமையலையும் பார்ப்பவருக்கு இது இன்னொரு முழு வேலை. அவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். இதை நான் ரொம்ப அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாயின் எல்லா வேலையும் கடைசியில் அந்த வீட்டிலேயே குறைந்த குரல் உடையவரின் தலையில் விழுவதை நிறைய இடங்களில் பார்த்துவிட்டேன்.

குரைப்பு. ஆமாம், குரைக்கும். பொது நடைபாதையில் யார் நடந்தாலும், பார்சல் கொடுப்பவர் வந்தாலும், எதிர் வீட்டுச் சாவிக்கொத்து குலுங்கினாலும் இதற்குத் தெரிந்துவிடும், தெரிந்ததை ஊருக்கே சொல்லவும் வேண்டும். நம் பக்கத்தில் மரக்கதவைத் திறந்துவைத்து இரும்புக் கதவை மட்டும் பூட்டிவைக்கும் பழக்கம் உண்டே, ஷ்னவுசர் இருக்கும் வீட்டில் அது நாள் முழுக்கக் குரைக்க வைப்பதற்குச் சமம். இரும்புக் கதவின் கீழ்ப்பாதியை வெளியே தெரியாதபடி மறைத்தோம், நாயின் படுக்கையை வாசலிலிருந்து உள்ளே தள்ளி வைத்தோம், மணி அடித்தால் ஓடிப்போய்த் தன் பாயில் உட்கார்ந்தால் தின்பண்டம் என்று பழக்கினோம். புத்திசாலி நாய், பிடித்துக்கொண்டது. ஆனாலும் முதல் ஒரு குரைப்பு வரத்தான் செய்யும், அதை எந்தப் பயிற்சியாலும் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவரோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

அக்கம்பக்கம் பற்றி இன்னொன்று. எங்கள் தளத்தில் மலாய் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கிறார்கள். நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்வது அவர்களுக்குக் கடமை. அதனால் லிஃப்டில் அவர்கள் இருந்தால் நான் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பேன், அவர்களே வாங்க வாங்க என்றால் வாரைக் குட்டையாகப் பிடித்து மூலையில் நிற்பேன். என் பிள்ளைகளும் சொல்லாமலே இப்படிச் செய்கிறார்கள்.

பிள்ளைகள் என்றதும் அடுத்த கேள்வி வரும், கடிக்குமா? பொம்மை மாதிரி இருக்கும் சில சிறிய இனங்களைப் போல எலும்பு மெலிந்த நாய் இல்லை இது. கட்டுமஸ்தான உடம்பு, பிள்ளைகளோடு ஓடி விளையாடும். ஆனால் உறங்கும்போது தொந்தரவு செய்தாலோ, சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தாலோ, தாடியைப் பிடித்து இழுத்தாலோ எந்த நாயும் பல்லைக் காட்டும். பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டையும் தனியாக விடவே கூடாது, ஒரு நிமிடம்கூட. ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் நல்ல ஜோடி. பெரியவர்கள் எத்தனை தடவை அது தேடி எடுக்கும் பந்தைத் தூக்கிப் போடுவார்கள்? பிள்ளைகள் அலுக்காமல் போடுவார்கள்.

இப்போது சமையலறை. இந்த இனத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் நம் வீடுகளை மனதில் வைத்து இதைச் சொல்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மினியேச்சர் ஷ்னவுசர்களுக்கு ரத்தத்தில் கொழுப்பு, குறிப்பாக ட்ரைகிளிசரைடு, மற்ற இனங்களைவிட அதிகம் ஏறும். பரம்பரையாக வருவது, வயது கூடக் கூட இன்னும் ஏறும். கொழுப்பான சாப்பாட்டை ஒரே ஒரு வேளை வயிறு முட்டத் தின்றால்கூடக் கணையத்தில் அழற்சி வரலாம். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வயிற்று வலியில் நிற்பது, இதெல்லாம் அறிகுறிகள். இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

நம் வீட்டுத் தீபாவளியை நினைத்துப் பாருங்கள். நெய்யில் மிதக்கும் பலகாரம், ஆட்டுக்கறி, எண்ணெயில் பொரித்த முறுக்கு, பாயசத்தில் உலர்திராட்சை. திராட்சை, அது உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும், அவை இல்லாத குழம்பு நம் வீட்டில் ஏது? வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும். இதையெல்லாம் தெரிந்துகொள்வது சுலபம். வீட்டுக்கு வரும் பெரியப்பாக்களையும் அத்தைகளையும் "ஒரு வாய்தானேம்மா, பார்த்துக்கொண்டே இருக்கிறதே" என்று தட்டிலிருந்து எடுத்துப் போடாமல் தடுப்பதுதான் கடினம். அன்பால்தான் கொடுக்கிறார்கள், அதனால் திட்டவும் முடியாது. நாங்கள் கண்டுபிடித்த வழி, கேரட்டும் வெள்ளரியும் பொடியாக நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துவிடுவது. கொடுக்க ஆசைப்படுபவர் கையில் அந்த டப்பாவைக் கொடுத்துவிடுவேன். கொடுத்த திருப்தி அவருக்கு, கேரட் சோமுவுக்கு. விருந்தாளிகள் அதிகம் வரும் நாளில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அது படுக்கையறையில், கூட ஒரு பிள்ளை துணைக்கு.

ஆண்டுக்கு ஒருமுறை பட்டினி வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்து கொழுப்பின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. இந்த இனத்துக்குச் சிறுநீர்ப்பையில் கல் வரும் வாய்ப்பும் அதிகம். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வழி இருந்தால் அந்த ஆபத்து குறையும், பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் அடக்கிக்கொண்டு கிடக்கும் நாய்க்கு அது எப்படி முடியும்? நீரிழிவும் வரக்கூடும். வந்தால் நாளுக்கு இரண்டு வேளை, ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளியில் இன்சுலின் ஊசி போட வேண்டும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. ஆயுள் சராசரியாக 12 முதல் 15 ஆண்டு. இன்று தொடக்கநிலை மூன்றில் இருக்கும் பிள்ளை தேசிய சேவை முடிக்கும் வரை, அல்லது பல்கலைக்கழகம் முடிக்கும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி ஆண்டுகளில் பிள்ளைகள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், ஊசி போடப்போவது நீங்கள்தான்.

முடி கொட்டாது என்பதற்காகவே நிறைய பேர் இந்த இனத்தைத் தேடுகிறார்கள். உண்மைதான், ரொம்பக் குறைவாகத்தான் கொட்டும். கொட்டாத முடி சிக்குப் பிடிக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது சீவ வேண்டும், ஐந்து முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டும், தாடியைச் சாப்பிட்ட பிறகு துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் நாற்றம் வரும், தண்ணீர் குடித்துவிட்டு உங்கள் மடியில்தான் முகத்தை வைக்கும். முடி வெட்டும் செலவைப் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பிள்ளைக்கு ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருக்கிறது, முடி கொட்டாத நாய் என்றால் ஒன்றும் செய்யாது என்று கடையில் சொன்னார்கள் என்று ஒரு தோழி கேட்டாள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது, முடி குறைவாகக் கொட்டினாலும் அது வீட்டில் பரவத்தான் செய்யும். ஏற்கெனவே ஷ்னவுசர் வளர்ப்பவர் வீட்டுக்குப் பிள்ளையைப் பல தடவை கூட்டிப் போய், மணிக்கணக்கில் விளையாட விட்டு, மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய் என்றேன். எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். இரண்டாவது தடவையே பிள்ளைக்கு மூச்சு இரைத்தது, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு.

நடை ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். நம் ஊர் வெயிலுக்குச் சூரியன் ஏறும் முன்பும் இறங்கிய பிறகும்தான் சாத்தியம், தார்ச்சாலையில் உள்ளங்கையைச் சில நொடி வைக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். கீழ்த்தளத்துப் பூனையோ எலியோ கண்ணில் பட்டால் பாய்ந்துவிடும், அந்தப் பண்ணை ரத்தம் அப்படியே இருக்கிறது, வார் எப்போதும் கையில் இருக்க வேண்டும், சட்டமும் அதுதான். அப்புறம், பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் நாயை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், வழிகாட்டி நாய்களுக்கு மட்டும்தான் இடம். மருத்துவரிடம் போக ஒவ்வொரு தடவையும் சொந்தக் காரோ, செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் காரோ வேண்டும்.

எங்கள் பக்கம் காலை நடை என்னுடையது, மாலை நடை பெரியவளுடையது, இரவு கடைசியாகக் கீழே இறக்குவது கணவர். பரீட்சை சமயத்தில் பெரியவளுக்கு விடுமுறை, அப்போது கணவர் இரண்டு தடவை போவார். வாங்குவதற்கு முன்பே இதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் ஒத்துக்கொண்டோம். உங்கள் வீட்டில் யார் பெயரையும் எழுத முடியாத கட்டம் ஒன்று இருந்தால், அந்தக் கட்டம் நிரம்பும் வரை காத்திருங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டும் வேண்டும் என்பவர்களுக்கு: குட்டி வாங்குவதானால் உரிமம் பெற்ற இடத்தில் வாங்குங்கள், தாய் தகப்பனின் கண் பரிசோதனை முடிவையும், தசை இறுகிப்போகும் மயோடோனியா கான்ஜெனிடா என்ற பரம்பரை நோய்க்கான மரபணுப் பரிசோதனை முடிவையும் கேளுங்கள், காட்ட மறுத்தால் வேறு இடம் பாருங்கள். ஆனால் நேரம் குறைவான குடும்பத்துக்கு நான் சொல்வது, மூன்று நான்கு வயதான நாயைத் தத்தெடுப்பது. இனப்பெருக்கத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஷ்னவுசர்கள் மீட்பு அமைப்புகளிடம் வருவதுண்டு. குட்டிப் பருவத்து இரவுகள் முடிந்திருக்கும், குணமும் தெரிந்திருக்கும், பிள்ளைகளைப் பிடிக்கிறதா, தனியாக எவ்வளவு நேரம் இருக்கும் என்று பராமரிப்பவரிடமே கேட்கலாம். கூண்டிலேயே வளர்ந்தது சில மாதம் பயந்துகொண்டு இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். தற்காலிக வளர்ப்புக்கு விடுகிறார்களா என்று கேட்டு, பள்ளி விடுமுறையில் இல்லாமல் சாதாரணப் பள்ளி வாரங்களில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். விடுமுறையில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், அப்போது எந்த நாயும் சரிப்பட்டு வரும்.