பால்டர்ஸ் கேட் துறைமுகத்தில் பினாங்குக் கடல்: ஓர் ஒலி மோட் செய்து பார்த்த அனுபவம்

மூன்று மாதமாக, இரவு ஷிஃப்ட் இல்லாத நாளெல்லாம் எனக்கு இதே வேலைதான். பால்டர்ஸ் கேட் 2 என்ற கணினி விளையாட்டின் என்ஹான்ஸ்ட் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பில், ஆத்கட்லா நகரத்துத் துறைமுகப் பகுதிக்கு நல்ல கடல் சத்தம் வைக்க ஒரு மோட், அதாவது விளையாட்டை நாமே மாற்றும் சேர்க்கை, செய்ய வேண்டும். போன வாரம்தான் மனசுக்குப் பிடித்த மாதிரி வந்தது. எங்கெங்கே இடித்தது, ஏன் இடித்தது என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வழியில் இறங்குகிறவர்களுக்குச் சில இரவுகளாவது மிச்சமாகும்.

மூல விளையாட்டு வந்தது 2000இல். அடுத்த வருஷம் அண்ணன் நான்கு சிடிகளாக வாங்கி வந்தார். பினாங்கு ஆயர் ஈத்தாமில் தகரக் கூரை வீடு. மழை பெய்தால் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. கூண்டுக்குள் நம்மை அடைத்து வைத்துப் பேசும் அந்த வில்லன் ஐரெனிகஸின் குரல் மட்டும் மழையைத் தாண்டிக் கேட்கும். குரல் கொடுத்தவர் நடிகர் டேவிட் வார்னர். அந்தக் குரலுக்காகவே 2013இல் வந்த என்ஹான்ஸ்ட் எடிஷனையும் வாங்கினேன். இந்த வருஷம் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று கைக்கு வந்தது. அதைப் போட்டுக் கேட்டபோதுதான், சத்தங்கள் எவ்வளவு மழுங்கலாக இருக்கின்றன என்று தெரிந்தது.

முதலில் குரல்களில்தான் கைவைத்தேன். பழைய ஒலிக் கோப்புகள் பெரும்பாலும் 22,050 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் இருப்பவை, அதாவது ஒலியை நொடிக்கு அத்தனை முறை அளந்து பதிந்தவை. அந்த எண்ணில் பாதி, அதாவது 11,025 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதில் ஒலி அடங்கும். ‘ஸ’, ‘ஷ’ மாதிரி எழுத்துகளின் சீறல் அதற்கு மேலும் போகும் என்பதால் அவைதான் முதலில் அடிபடுகின்றன. சரி, 44,100க்கு ஏற்றிவிட்டால் தெளிந்துவிடும் என்று நினைத்து ஒரு முழு இரவு கோப்புகளை மாற்றினேன். கோப்பின் அளவு இரண்டு மடங்கானது, காதுக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஒடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில், எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைமாலைப் படத்தைத் திறந்து பார்த்தால் 11,000க்கு மேலே வெறும் கறுப்பு. இல்லாத ஒலியை எண்ணைக் கூட்டி வரவழைக்க முடியாது. பழைய சிடியிலிருந்து எடுத்த பிரதியையும் புதிய பதிப்பின் பிரதியையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். சில வசனங்களில் பழையது என் காதுக்குத் தெளிவாக இருந்தது, அவற்றை மட்டும், விளையாட்டின் கோப்புகளைத் திறக்கும் நியர் இன்ஃபினிட்டி என்ற கருவி மூலம் எடுத்துப் புதியதில் வைத்தேன்.

அதிலும் ஒரு சிக்கல். அடையாளம் தெரிய வேண்டுமென்று கோப்புப் பெயர்களின் கடைசியில் இரண்டு எழுத்து சேர்த்திருந்தேன். விளையாட்டு அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டயலாக் டிஎல்கே என்ற கோப்பில் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் அதன் ஒலிக் கோப்புப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 8 எழுத்து மட்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால்தான் ஓவர்ரைட் கோப்புறையில் போட்டது மூலத்தை மீறி ஒலிக்கும். பெயரைத் திருத்தியதும் குரல் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கடல்.

துறைமுகப் பகுதிக்கு விளையாட்டு வைத்திருக்கும் பெயர் ஏஆர்0300. அங்கே வரும் தண்ணீர்ச் சத்தம் ஒரு சின்னச் சுற்று. ஹெட்ஃபோனில் கேட்டால் அதே அலை திரும்பத் திரும்ப வருவதை எண்ணிவிடலாம். கடலுக்கு நடுவில் வீடு வைத்துக்கொண்டு இதை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வெல்ட் கீ பக்கம், கடல் மேல் தூண்களில் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டிக்குப் போனேன். பலகைப் பாதையின் கடைசியில், யார் வீட்டு வாசலையும் மறைக்காமல் உட்கார்ந்து, மைக்கைப் பலகை இடுக்கு வழியாகக் கீழ்நோக்கிப் பிடித்தேன். மேலே நின்று கேட்டால் கடல் ஒரே இரைச்சல். கீழே மைக் கேட்டது வேறு. தண்ணீர் தூணைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போகிறது, பிறகு ஒரு கட்டையின் அடிவயிற்றில் ‘ளப்’ என்று தட்டுகிறது, அடுத்த தட்டு எப்போது என்று சொல்லவே முடியாது. அந்த ஒழுங்கில்லாமைதான் விளையாட்டில் இல்லாமல் போனது.

நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். மோட்டார் சைக்கிள், படகு எஞ்சின், ஃபெர்ரி ஹாரன், காக்கை எல்லாவற்றையும் கழித்தால் சுத்தமாகக் கிடைத்தது 50 விநாடிதான். முடிவின் சில விநாடிகளைத் தொடக்கத்தோடு மேல்படிய வைத்து, ஒன்று தேய ஒன்று வளரும்படி இணைத்தேன். தையல் தெரியாத சுற்று கிடைத்தது.

அப்புறம்தான் தொல்லைகள் தொடங்கின.

முதல் முறை சத்தமே வரவில்லை. பெயர் சரி, இடம் சரி. கோப்பைத் திறந்து பார்த்தால் நான் 32 பிட் ஃப்ளோட் என்ற வடிவில் ஏற்றுமதி செய்திருக்கிறேன். இந்தப் பதிப்பு ஒலிக்கு ஓப்பன்ஏஎல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதன் அடிப்படை வடிவங்கள் 8 பிட், 16 பிட், மோனோ (ஒரு சேனல்), ஸ்டீரியோ (இரண்டு சேனல்), அவ்வளவுதான். 16 பிட்டில் மறுபடி எடுத்துப் போட்டேன், கடல் வந்தது. சந்தோஷத்தில் அக்கா மகனைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது, காது கூர்மை. மௌஸால் திரையை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே கொஞ்ச நேரம் கேட்டான்.

“மாமா, தண்ணி எங்க இருக்கு?”

“கீழ்ப் பக்கம். படகு நிக்குதே, அங்க.”

“அப்புறம் ஏன் எங்க போனாலும் கூடவே வருது?”

அவன் சொன்னது சரி. கரையோரத்திலும் ஊருக்குள் சந்துக்குள்ளும் அலை ஒரே அளவில் கேட்டது. எனக்கு அது தோன்றவே இல்லை, ஏனென்றால் நான் அலையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், இடத்தைக் கேட்கவில்லை.

இதைத் தீர்க்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. காரணம், இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் ஏஆர்இ என்று ஒரு கோப்பு உண்டு. சூழல் ஒலி ஒவ்வொன்றுக்கும் அதில் இடம், சுற்றெல்லை (எவ்வளவு தூரம் வரை கேட்கும்), ஒலியளவு, எந்தெந்த மணி நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்கும். சுற்றெல்லையைப் புறக்கணி என்று ஆன், ஆஃப் செய்யும் ஒரு கொடியும் உண்டு. யாரோ அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுப் பார்த்தேன், இல்லை. சுற்றெல்லையைப் பாதியாகக் குறைத்தேன். மாற்றம் இல்லை. கால்வாசியாக்கினேன். அப்போதும் இல்லை. ஒலியளவைச் சுழியம் ஆக்கியும் அலை அப்படியே அடித்தது. அந்த இடத்தில்தான் உறைத்தது: நான் திருத்துவதை விளையாட்டு படிக்கவே இல்லை.

ஒரு பகுதிக்குள் நாம் ஒருமுறை நுழைந்துவிட்டால் அதன் ஏஆர்இ கோப்பின் பிரதி நம் சேமிப்பு ஆட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். யார் செத்தார்கள், எந்தப் பெட்டி காலி என்பதையெல்லாம் நினைவு வைக்க அது தேவை. அதற்குப் பிறகு வெளியே உள்ள கோப்பில் என்ன திருத்தினாலும் அந்தச் சேமிப்பில் தெரியாது. ஒலிக் கோப்பு அப்படியல்ல, அது எப்போதும் வெளியிலிருந்துதான் வரும். அதனால்தான் கடல் மாறியது, சுற்றெல்லை மாறவில்லை. துறைமுகத்தில் கால் வைக்காத ஒரு சேமிப்பைத் தனியாக எடுத்து வைத்து, இனி ஒவ்வொரு சோதனையையும் அதிலிருந்து மட்டுமே தொடங்குவது என்று வைத்துக்கொண்டேன். கன்சோலைத் திறந்து ஒரே கட்டளையில் ஏஆர்0300க்குப் போய்விடலாம், நடக்க வேண்டியதில்லை. சூழல் ஒலியைத் தொடுகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துகொள்ளுங்கள்.

இப்போது நான் எழுதிய எண்கள் உள்ளே போயின. ஒலியளவைக் குறைத்தால் குறைந்தது. ஆனால் கடல் இன்னமும் சந்துக்குள் வந்தது! ஆக, முதல் கோளாறு அடியில் அப்படியே இருந்திருக்கிறது. விளையாட்டின் மூலக் கோப்பையும் என் கோப்பையும் ஒடாசிட்டியில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். மேலே ஒரே பட்டை. கீழே இரண்டு பட்டை. என் ரெக்கார்டர் 48,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் பதிவு செய்கிறது, நான் அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

ஓப்பன்ஏஎல் விதிப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட சேனல் உள்ள ஒலி முப்பரிமாண இடத்தில் வைக்கப்படாது. ஸ்டீரியோ ஒலி, எந்தக் காதில் எவ்வளவு என்ற முடிவைத் தானே சுமந்து வருகிறது. அதை இடப்புறமோ வலப்புறமோ, கிட்டவோ தூரமோ தள்ள நூலகம் முயலாது. கேட்பவரின் இரண்டு காதிலும் அப்படியே கொட்டிவிடும். மோனோ என்றால்தான் ஓர் இடத்தில் நட்டு வைத்து, நாம் விலகினால் தேய விட முடியும். உயர்தரம் என்றால் ஸ்டீரியோ என்று நினைத்து நான் விட்டு வைத்ததுதான் கடலை ஊருக்குள் கொண்டுவந்தது.

மோனோவாக்கினேன். அலை கரைக்குத் திரும்பியது, ஆனால் சத்தம் உள்ளீடற்றுப் போயிருந்தது. குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி, தூணில் தட்டும் அந்த ‘ளப்’பில் சதையே இல்லை. இரண்டு மைக்கும் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒரே தட்டல் ஒன்றுக்கு முன்னும் மற்றதற்கு ஒரு நொடித்துளி பின்னும் வந்து சேர்கிறது. இரண்டையும் கூட்டி ஒன்றாக்கும்போது சில அலைவெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கூட்டாமல், ஸ்டீரியோவை இரண்டாகப் பிரித்து, வலது பட்டையைத் தூக்கிவிட்டு இடதை மட்டும் வைத்தேன். ‘ளப்’ முழுசாகத் திரும்பி வந்தது. இப்போது கோப்பு 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. நிமிடத்துக்கு ஐந்து எம்பி சொச்சம். முதலில் வைத்திருந்த ஸ்டீரியோ 16 பிட் கோப்பு நிமிடத்துக்குப் பதினொன்றரை எம்பி. பாதிக்கும் குறைவான கோப்புதான் உண்மையில் நல்ல சத்தம் தருகிறது.

உச்ச ஒலியையும் குறைக்க வேண்டியிருந்தது. முழு அளவுக்கு ஏற்றி வைத்திருந்ததில் பக்கத்தில் யார் பேசினாலும் அலை விழுங்கியது. உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே வந்தபோது பேச்சும் கடலும் சண்டை போடாமல் இருந்தன.

இன்னொன்று. அந்தத் தண்ணீர்க் கோப்பை அதே பெயரில் மாற்றியிருந்தேன் அல்லவா? நியர் இன்ஃபினிட்டியில் அது எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடச் சொன்னேன். வேறு பகுதிகளும் பட்டியலில் வந்தன. அங்கெல்லாம் ஜெட்டி தூண் சத்தம் வைப்பது நியாயமில்லை. அதனால் என் முன்னொட்டோடு 8 எழுத்துக்குள் புதுப் பெயர் வைத்து, ஏஆர்0300இல் உள்ள குறிப்பை மட்டும் அதற்குத் திருப்பினேன். முழு ஏஆர்இ கோப்பையும் மேலெழுதாமல் அந்தச் சில எழுத்துகளை மட்டும் பேட்ச் செய்தேன். மற்ற மோட்களும் அதே கோப்பைத் தொடும், அவர்கள் உழைப்பை அழிக்கக் கூடாது.

இதற்கெல்லாம், மோட்களை நிறுவவும் நீக்கவும் உதவும் வெய்டூ என்ற கருவியில் ஒரு சின்ன நிறுவல் எழுதிக்கொண்டேன். அதுவரை கையால்தான் ஓவர்ரைட்டில் போட்டு வந்தேன். ஒரு நாள் வேறொரு மோடை நீக்கியபோது, அதே பெயரில் நான் மாற்றி வைத்திருந்த சில குரல்களும் சேர்ந்து காணாமல் போயின. அந்தப் பெயர்களை முதலில் போட்டது அந்த மோட். நீக்கும்போது வெய்டூ தான் போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், இடையில் நான் கையால் மாற்றியது அதற்கு எப்படித் தெரியும்? இப்போது என்னுடையதும் அதன் பதிவில் இருக்கிறது. வரிசையில் கடைசியாக நிறுவுகிறேன், முன்னால் உள்ள எதை நீக்கினாலும் அது என்னுடையதைக் கழற்றித் திரும்ப மாட்டிவிடுகிறது.

இசையைத் தொடவில்லை. விளையாட்டுக்கு இசையமைத்த மைக்கேல் ஹோனிக்கின் இசை, ஏசிஎம் என்ற ஒலிக் கோப்பு வடிவில் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. எந்தத் துண்டுக்குப் பின் எது, சண்டை முடிந்தால் எந்த வால் என்று ஒரு எம்யுஎஸ் உரைக் கோப்பு சொல்கிறது. வெளியிலிருந்து ஒரு முழுப் பாட்டை எடுத்து அதில் நுழைக்க முடியாது. துண்டுகளின் நீளம் மாதிரிக்கு மாதிரி பொருந்த வேண்டும். எம்பி3இலிருந்து வெட்டினால் முன்னும் பின்னும் சேரும் மௌனம் ஒவ்வொரு இணைப்பிலும் விக்கலாகக் கேட்கும். அது தனி வேலை.

போன சனிக்கிழமை அக்கா மகனை மறுபடி உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொல்லி, நான் திரையை நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் கையை நீட்டித் தண்ணீர் எந்தப் பக்கம் என்று காட்டினான், சந்துக்குள் போனதும் கையை இறக்கிவிட்டான். ஐந்து தடவையும் சரி.

இரவு நேரத்துக்கு இன்னும் பகல் கடலேதான் ஓடுகிறது. ஏஆர்இ கோப்பில் மணி நேரம் குறிக்க இடம் இருப்பதால் இரவுக்கென்று வேறு ஒலி வைக்கலாம். நீர் வற்றிய நேரத்தில் ஜெட்டியின் அடியில் அலை தட்டாது, சேற்றில் சின்னச் சின்னதாக உறிஞ்சும் சத்தம்தான் இருக்கும். அடுத்த வாரம் நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து, நள்ளிரவில் வற்றும் நாளாகத் தேர்ந்து போகிறேன். இந்த முறை ரெக்கார்டரை மோனோவில் வைத்து.