ஆய்வு நாட்குறிப்பு: புறநானூறும் குறுந்தொகையும்

11 ஜூன் 2024

புறநானூற்றின் 1894ஆம் ஆண்டு முதற்பதிப்பின் முகவுரையைத் தரமணி நூலகத்தில் இன்று முழுவதுமாகப் படித்தேன். எந்த ஓலைச்சுவடி எவரிடமிருந்து வந்தது என்பதை உ.வே.சாமிநாதையர் நன்றியோடு பதிவு செய்வதால், அம்முகவுரையைப் பாடத்தின், அதாவது நூலின் மூலச் சொல்வடிவத்தின், வரலாறாகவே கொள்ளலாம். பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுவதும், 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்காமற் போனதும் முதுகலை வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடக்கப்படும் செய்திகள். ஆனால் உரை நின்ற இடத்திற்குப் பிறகு பொருள் காணும் பொறுப்பு யார் கைக்கு வந்தது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்கு மையக் கேள்வி.

19 ஜூன்

ஆய்வுக்குழுக் கூட்டம் ஜூலை எட்டாம் தேதி நடைபெறும் என்று துறை அலுவலகத்தில் தெரிவித்தார்கள். முன்னேற்ற அறிக்கையை முடிக்க வேண்டும்.

27 ஜூன்

நெறியாளர் கேட்டுக்கொண்டபடி, முதுகலை இரண்டாமாண்டு மாணவர்களுக்குச் சுவடியியல் வகுப்பெடுத்தேன். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தி எழுதப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. ஆகவே நாம் அச்சில் காணும் ஒவ்வொரு சொற்பிரிப்பும் ஒரு பதிப்பாசிரியரின் முடிவு என்று விளக்கியபோது, "அப்படியென்றால் நாங்கள் மனப்பாடம் செய்தது யாருடைய பாடம், அக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதைவிடச் சிறந்த ஆய்வுக் கேள்வி ஒன்றை இந்த ஆண்டு நான் கேட்கவில்லை.

குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் தம் உரையோடு அச்சிட்டார். 1937இல் வந்த சாமிநாதையர் பதிப்பு, பாடல்தோறும் மேற்கோளாட்சியையும் (அப்பாடலைப் பிற உரையாசிரியர்கள் எடுத்தாண்ட இடங்கள்) ஒப்புமைப் பகுதியையும் (பிற நூல்களில் அதை ஒத்து வரும் அடிகள்) சேர்த்தது. வையாபுரிப்பிள்ளையின் 1940ஆம் ஆண்டுத் தொகுப்பு சங்கப் பாடல்களைப் புலவர்வாரியாக அடுக்கிற்று. ஒரு புலவரின் பாடல்கள் அனைத்தையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் ஆய்வுகளுக்கு அந்த அடுக்குமுறை பெருந்துணையாயிற்று. 1950களில் மர்ரே எஸ்.ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகளோ சந்தி பிரித்து வந்து எளிய வாசகரிடமும் சேர்ந்தன. இத்தனை பெரிய உழைப்பிருந்தும், நான் புரட்டிப் பார்த்த ஆய்வேடுகள் பலவற்றில் 'குறுந்தொகை, பாடல் 40' என்பதோடு மேற்கோள் முடிந்துவிடுகிறது. எந்தப் பதிப்பு என்று சொல்லாத மேற்கோளை அடுத்து வரும் ஆய்வாளர் எவ்வாறு சரிபார்ப்பார்? இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

8 ஜூலை

கூட்டம் முடிந்தது. எட்டுத்தொகை முழுவதையும் எடுத்துக்கொள்வது அகலமானது என்று குழுவினர் கருதியதால், புறநானூறு, குறுந்தொகை ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று, மிகுதியாக ஆறு ஆண்டுகள் என வரையறுக்கின்றன, எம்.ஃபில். படிப்பும் நிறுத்தப்பட்டுவிட்டது. முன்பு அந்தப் படிப்பில் பதிப்புகளை ஒப்பிட்டுப் பழகக் கிடைத்த காலத்தை முதுகலைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே ஈடுசெய்தாக வேண்டும் என்று கூட்டத்தில் வலியுறுத்தினேன். பாடபேதங்களை, அதாவது பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொற்களை, பதிவு செய்யும் பயிற்சியொன்றை வரும் பருவத்தில் தொடங்கலாம் என்று நெறியாளர் ஐயா இசைந்தார். முதல் பயிற்சிக்குக் குறுந்தொகை நாற்பதாம் பாடலை 1915, 1937 ஆகிய இரு பதிப்புகளிலும் படியெடுத்துத் தரப்போகிறேன்.