சுண்டுவிரல் தேய்த்த வால்யூம் கன்ட்ரோல்

சாதாரண எலெக்ட்ரிக் கிதாரில் வால்யூம் குமிழை ஒரு பாட்டுக்கு ஓரிரு முறை திருப்பினாலே அதிகம். மடியில் கிடத்தி வாசிக்கும் லேப் ஸ்டீல் கிதாரில் அப்படியில்லை. விரல்கள் தந்தியை மீட்டும் அதே நேரத்தில் சுண்டுவிரல் வால்யூம் குமிழைச் சுழற்றி, மீட்டலின் முதல் ஓசையை மறைத்து, பின்பு ஒலியை மெல்ல வளர்த்து, வயலினில் வில் இழுப்பது போன்ற ஸ்வரத்தை எழுப்புகிறது. டோன் குமிழையும் அவ்வாறே ஆட்டினால் வாய் திறந்து மூடுவது போல் ஒலி குழையும். ஆகவே இந்த வாத்தியத்தில் கன்ட்ரோல், அதாவது குமிழுக்கு அடியிலுள்ள சுழலும் மின்தடை, தேய்வது வாசிப்பின் இயல்பு. மாற்றும்போது முதலில் எண்ண வேண்டியதும் அந்தச் சுண்டுவிரலைத்தான்.

இதே குடும்பத்து ஹவாய் கிதார் ஆங்கிலேயர் காலத்திலேயே பர்மாவுக்கு வந்து, பியானோவையும் வயலினையும் போல இந்நாட்டு இசைக்குள்ளும் இடம்பிடித்துக்கொண்டது. யங்கோனில் என்னிடம் வந்து சேர்ந்த லேப் ஸ்டீல், தயாரித்தவர் பெயர் உதிர்ந்துபோன அமெரிக்க வாத்தியம். மே முதல் அக்டோபர் வரை நீளும் இங்குள்ள மழைக்காலம் பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பு ஏற்றியிருந்தது. குமிழைத் தொட்டாலே கரகரவென்று இரைந்தது.

கரகரப்பு கேட்டவுடன் கன்ட்ரோலைக் கழற்றிவிடக் கூடாது. பழைய வால்வு ஆம்ப்ளிபயர்களில் உள்ளீட்டுப் பக்கம் சிறிதளவு டி.சி. (நேர்) மின்சாரம் கசிந்து கிதாருக்குள் வந்தால், நல்ல கன்ட்ரோலும் இரையும். வேறொரு ஆம்ப்ளிபயரில் செருகிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அடுத்து, கான்டாக்ட் கிளீனரை உள்ளே சிறிது பீச்சி, குமிழை இரு கோடிகளுக்கும் பலமுறை சுழற்ற வேண்டும். அழுக்கும் களிம்பும் காரணமாக இருந்தால் இரைச்சல் போய்விடும். என் கிதாரில் டோன் ஓரளவு தெளிந்தது. வால்யூம் அடங்கவே இல்லை. மல்டிமீட்டரைக் கன்ட்ரோலின் மூன்று கால்களில் நடுக்காலிலும் ஓரக்காலிலும் வைத்து மெல்லத் திருப்பியபோது, எண்கள் சீராக ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் தொடர்பு முற்றிலும் அறுந்து, மறுபடி ஒட்டின.

கன்ட்ரோலின் பின்மூடியைப் பிடித்திருக்கும் காதுகளை நெம்பித் திறந்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. லாட வடிவிலான கரித்தடத்தில், சுண்டுவிரல் ஓயாமல் ஆட்டிய பகுதியில் மட்டும் கரி வழித்தெடுக்கப்பட்டு, அடியிலிருந்த பழுப்பு நிறத் தகடு வெளிப்பட்டிருந்தது. தடத்தின் மேல் நகரும் தொடுமுனையைக் கூர்மூக்குக் குறடால் இம்மியளவு வளைத்து, தேயாத ஓரத்தில் ஓடவிடும் வழி ஒன்று உண்டு. அரிய கன்ட்ரோலுக்கு அது தகும். பென்சில் கரியைத் தேய்த்துச் சரிசெய்வதை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனெனில் அது நாலு நாள் தாங்கினாலே அபூர்வம்.

மூடியில் 134832 என்று பொறித்திருந்தது. முதல் மூன்று இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும். 134 என்றால் சென்ட்ராலாப், 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த 8 ஆண்டின் கடைசி இலக்கம், 32 வாரம். அது 1948 ஆகவும் இருக்கலாம், 1958 ஆகவும் இருக்கலாம். மேலும் இது கன்ட்ரோல் பிறந்த நாளே தவிர, கிதார் பிறந்த நாள் அல்ல. இந்த எண்ணுக்காகவே பழைய கன்ட்ரோலைத் தூக்கி எறியாமல் கிதார் பெட்டியிலேயே போட்டுவைப்பது நல்லது.

புதியதற்காக ரேடியோ உதிரிபாகக் கடைக்குப் போனேன். "அண்ணே, ஏ 500 இருக்கா?" என்றேன். "பி தான் இருக்கு தம்பி, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். இரண்டும் ஒன்றல்ல. இங்கு வரும் சரக்கில் ஏ என்பது மடக்கை வகை, பி என்பது நேர்கோட்டு வகை; 500 என்பது கிலோ ஓம் கணக்கிலான மின்தடை. நேர்கோட்டு வகையில் குமிழ் பாதி தூரம் வரும்போதே ஒலி உச்சத்துக்கு வெறும் 6 டெசிபல் கீழே நிற்கும். ஒலி வளரும் வேலை முழுவதும் முதல் சில டிகிரிகளிலேயே முடிந்துவிடும். மடக்கை வகையில் பாதித் திருப்பத்துக்கு 16 முதல் 20 டெசிபல் வரை கீழே இருப்பதால், ஒலி காதுக்கு இயல்பாக வளர்கிறது. சுண்டுவிரல் எட்டும் தூரம் குறைவென்பதால் நேர்கோட்டு வகையையே விரும்புவோரும் உண்டு. என் காதுக்கு அது ஒலியைத் தள்ளிவிடுவது போல் படுகிறது. பி வகையின் நடுக்காலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் போட்டு மடக்கையாக்கும் உபாயம் ரேடியோவுக்குச் சரி. கிதாரில் அந்த ரெசிஸ்டர், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் மீது பாரமாக ஏறி உச்சத் தொனியைக் குடித்துவிடும். அதே காரணத்தால்தான் 500 கிலோ ஓமுக்குப் பதில் 250 போட்டால் ஒலி சற்று மங்குகிறது. ஏ வகை கிடைக்கும்வரை காத்திருந்தேன்.

பழைய அமெரிக்கக் கன்ட்ரோலின் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர்; இங்கே கிடைப்பது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். பழைய குமிழை அதில் மாட்டினால் கோணலாக ஆடும். மெல்லிய பித்தளைத் தகட்டைத் தண்டைச் சுற்றி வைத்துத் திருகை இறுக்கினால் நிற்கும். கன்ட்ரோலின் மரையுள்ள கழுத்துப் பகுதியும் சிறியதாக இருப்பதால் பலகைத் துளை லொடலொடக்கும். அதற்கு அகலமான வாஷர் போதும். துளையைத் தொடவே கூடாது.

ஈயம் வைக்குமுன் பழைய இணைப்பைப் படமெடுத்துக்கொண்டேன். டோன் கன்டென்சர் வால்யூமின் எந்தக் காலிலிருந்து கிளம்புகிறது என்பது முக்கியம். நடுக்காலிலிருந்து கிளம்பினால், வால்யூமைக் குறைக்கும்போது உச்சத் தொனி அவ்வளவாக மங்காது. மெழுகு பூசிய 0.05 மைக்ரோ ஃபேரட் காகிதக் கன்டென்சரை மாற்றவில்லை. ஆம்ப்ளிபயரில் உயர் வோல்ட் தாங்கும் இடத்தில் இருந்திருந்தால் உடனே கழற்றியிருப்பேன். கிதாருக்குள் அத்தகைய வோல்ட் இல்லை. எர்த் கம்பியை மூடியின் முதுகில் ஒட்டுமுன் உப்புத்தாளால் தேய்த்து, பெரிய முனையுள்ள அயர்னால் சட்டென்று முடிக்க வேண்டும்; சிறிய அயர்னை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் புதிய கரித்தடம் வெந்துவிடும்.

டோனையும் மாற்றிவிட்டேன், ஏனெனில் மீட்டரில் அது தன் மதிப்பைத் தாண்டி வெகுதூரம் ஏறியிருந்தது. புதிய இரண்டும் இரைவதில்லை, ஆனால் பழையதைவிட இறுக்கமாகத் திரும்புகின்றன. வால்யூம் இறுக்கமாக இருந்தால் ஸ்வரத்தின் நடுவே விரல் வழுக்குகிறது. ஆகவே இரண்டில் இலகுவாகத் திரும்பியதை வால்யூமுக்கு வைத்து, மற்றதை டோனுக்குத் தள்ளினேன்.